சிகரெட்டை விட்டாயிற்று, நுரையீரலை எதை வைத்துப் பார்ப்பது?

பல வருடம் புகைத்து, ஒருவழியாக நிறுத்தியவர்களின் மனதில் ஒரு கேள்வி தங்கிவிடுகிறது. உள்ளே எவ்வளவு கெட்டுப்போயிருக்கும், ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டால் என்ன? நியாயமான கேள்விதான். ஆனால் பரிசோதனை மையத்தின் பட்டியலைப் பார்த்தால் எக்ஸ்ரே இருக்கும், சாதாரண சிடி இருக்கும், ஹெச்ஆர்சிடி இருக்கும், லோ டோஸ் சிடி இருக்கும், சில இடங்களில் பெட் சிடியும் இருக்கும். எதை எடுப்பது என்பது நீங்கள் எதைத் தெரிந்துகொள்ளப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதை முடிவு செய்யாமல் எடுக்கும் ஸ்கேன் பெரும்பாலும் பொய்யான நிம்மதியைத் தரும், இல்லாவிட்டால் தேவையில்லாத பயத்தைத் தரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொஞ்சமாவது மூச்சு வாங்குகிறவர்களுக்கு முதல் சோதனை ஸ்கேனே அல்ல, ஊதிப் பார்க்கும் ஸ்பைரோமெட்ரி. வயதும் புகைத்த அளவும் ஒரு வரம்பைத் தாண்டியவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சில் எடுக்கும் லோ டோஸ் சிடி, அதுவும் ஒருமுறையோடு நிறுத்தாமல். மார்பு எக்ஸ்ரே ஒன்றை எடுத்து, அதில் ஒன்றுமில்லை என்றதும் மனதைத் தேற்றிக்கொள்வதுதான் இருப்பதிலேயே மோசமான தேர்வு.

புகை மூன்று இடத்தில் வேலை செய்கிறது

முதலாவது மூச்சுக்குழாய்கள். வருடக்கணக்கில் புகை பட்ட குழாய்ச் சுவர் தடித்துப்போகிறது, சளிச் சுரப்பிகள் பெருக்கின்றன, சளியை மேலே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டிய நுண்முடிகள் முடங்கிவிடுகின்றன. இதில் ஒரு பகுதி சீராகக்கூடியது. புகையை விட்ட சில வாரங்களில், சில மாதங்களில் இருமலும் சளியும் குறைவது அதனால்தான்.

இரண்டாவது காற்றறைகள். மூச்சுக்குழாய் கிளைகிளையாகப் பிரிந்து முடியும் இடத்தில் திராட்சைக் கொத்துபோல இவை தொங்குகின்றன. வளர்ந்த ஒருவருக்குச் சுமார் 48 கோடி காற்றறைகள் உண்டு. அவற்றின் மெல்லிய சுவர் வழியாகத்தான் ஆக்சிஜன் இரத்தத்துக்குள் போகிறது. புகை பட்ட இடத்தில் திரளும் வெள்ளணுக்கள் வெளிவிடும் நொதிகள் அந்தச் சுவரை அரிக்கின்றன. பல சிறு அறைகள் உடைந்து ஒரே பெரிய வெற்றிடமாகிவிடும். இதற்குப் பெயர் எம்பைசிமா. புகையை விட்டால் மேற்கொண்டு அழிவது வெகுவாகக் குறையும், ஆனால் போன சுவர் திரும்ப முளைக்காது. நுரையீரலைச் சுத்தப்படுத்தித் தருவதாகச் சொல்லி விற்கப்படும் எந்தக் கஷாயமும் மாத்திரையும் இதை மாற்றாது. அந்தப் பணத்தை மிச்சப்படுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது செல்கள். புகையிலுள்ள வேதிப்பொருள்கள் மரபணுவில் ஏற்படுத்திய மாற்றங்கள் பல வருடம் கழித்துப் புற்றுநோயாகத் தலைகாட்டலாம். விட்டுப் பத்து வருடமானால், தொடர்ந்து புகைப்பவரோடு ஒப்பிடும்போது நுரையீரல் புற்றுநோய் அபாயம் ஏறக்குறையப் பாதியாகிறது. ஆனால் புகையைத் தொடாதவருக்கு இருக்கும் அளவுக்கு அது பல பத்தாண்டுகள் ஆனாலும் முழுதாக இறங்குவதில்லை.

ஆக, “என் நுரையீரல் எப்படி இருக்கிறது” என்று கேட்கும்போது உண்மையில் மூன்று கேள்விகளைக் கேட்கிறோம். மூச்சு சரியாகப் போய் வருகிறதா? காற்றறைகள் எவ்வளவு மிஞ்சியிருக்கின்றன? கட்டி எதுவும் இருக்கிறதா? மூன்றுக்கும் ஒரே சோதனை பதில் சொல்லாது.

மார்பு எக்ஸ்ரே

எளிதானது, சில நிமிட வேலை, கதிர்வீச்சும் மிகக் குறைவு. ஏறத்தாழ 0.1 மில்லிசீவெர்ட், அதாவது மண்ணிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் பத்துப் பதினைந்து நாளில் நம் உடம்பில் எப்படியும் படுகிற அளவு. நிமோனியா, நுரையீரலைச் சுற்றி நீர், பெரிய கட்டி இவற்றையெல்லாம் நன்றாகவே காட்டும். இருமல், காய்ச்சல் என்று போனால் மருத்துவர் முதலில் இதை எழுதுவதில் தவறே இல்லை.

புகைத்தவரின் கேள்விக்கு மட்டும் இது உதவாது. முப்பரிமாண நெஞ்சு முழுவதும் ஒரே தட்டையான படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகிறது. விலா எலும்பு, காறை எலும்பு, இதயம், உதரவிதானம் இவற்றின் பின்னால் ஒளிந்திருக்கும் சிறு கட்டி தெரியாது. நோய்க்குறி இருந்து எக்ஸ்ரே எடுத்தவர்களிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் புற்றுநோய் அதில் தவறிவிடுகிறது. எம்பைசிமாவோ நன்றாக முற்றிய பிறகுதான் தெரியும்: நுரையீரல் அளவுக்கு மீறி உப்பியிருக்கும், உதரவிதானம் வளைவை இழந்து தட்டையாகியிருக்கும். ஆரம்பநிலை எம்பைசிமா உள்ளவரின் எக்ஸ்ரே பெரும்பாலும் பார்க்க அழகாகவே இருக்கும்.

இதைச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் பிஎல்சிஓ என்ற ஆய்வில் 55 முதல் 74 வயது வரையிலான ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஆண்டுதோறும் மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். 2011இல் முடிவு வந்தது. நுரையீரல் புற்றுநோயால் இறந்தவர்களின் எண்ணிக்கையில் இரு பிரிவுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.

என் உறவுக்காரர் ஒருவர் எக்ஸ்ரே கவரைப் பத்திரமாக பீரோவில் வைத்திருந்தார், “கிளியர்னு சொல்லிட்டாங்க” என்று எல்லோரிடமும் காட்டுவார். மாடிக்கு ஏறும்போது பாதியில் நின்று மூச்சு வாங்குவதை வயசு என்று சொல்லிக்கொண்டார். கடைசியில் ஊதிப் பார்த்தபோதுதான் நடுத்தர அளவு சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்ளும் நாள்பட்ட நுரையீரல் நோய், என்று தெரிந்தது. எக்ஸ்ரே எடுத்தவர்கள்மேல் எனக்குக் குறை கிடையாது. அந்தப் படத்திடம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டுவிட்டு, கிடைத்த பதிலை அவர் நம்பிவிட்டார்.

ஊதிப் பார்ப்பது

ஸ்பைரோமெட்ரிக்கு வயது அதிகம். 1846இல் லண்டனில் ஜான் ஹட்சின்சன் என்ற மருத்துவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஊதச் சொல்லி அளந்து வெளியிட்ட கருவியின் வழித்தோன்றல்தான் இன்று மேசைமேல் இருக்கும் சின்னப் பெட்டி. மூக்கில் கிளிப் போட்டு, மூச்சை முழுதாக இழுத்து, குழாய்க்குள் முழு வேகத்தில் விட வேண்டும். காற்று தீர்ந்தது என்று தோன்றிய பிறகும் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஆறு நொடிகளாவது. மூன்று முறையாவது ஊதச் சொல்வார்கள். பிறகு மூச்சுக்குழாயை விரிக்கும் சல்பியூட்டமால் இன்ஹேலர் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடியும். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. சமீபத்தில் மாரடைப்போ கண் அறுவைச் சிகிச்சையோ ஆனவர்கள் மட்டும் தள்ளிப்போட வேண்டும். ஊதுகிறவரின் முயற்சியும், பக்கத்தில் நின்று “இன்னும், இன்னும்” என்று உற்சாகப்படுத்தும் டெக்னீஷியனின் திறமையும் முடிவைத் தீர்மானிக்கும். அரைமனதாக ஊதி வந்த அறிக்கைக்கு மதிப்பில்லை.

இதில் பார்க்க வேண்டிய எண்கள் இரண்டு. முதல் ஒரு நொடியில் வெளியேறும் காற்றின் அளவு எஃப்இவி1. மொத்தமாக வெளியேறுவது எஃப்விசி. இன்ஹேலருக்குப் பிறகும் முதலாவதை இரண்டாவதால் வகுத்து வருவது 0.70க்குக் கீழே இருந்தால் குழாயில் நிலையான அடைப்பு இருக்கிறது என்று பொருள். நோய்க்குறிகளும் புகைத்த வரலாறும் சேர்ந்தால் அதுதான் சிஓபிடி. வயதானவர்களுக்கு இந்த விகிதம் இயல்பாகவே இறங்கும் என்பதால், 0.70 என்ற ஒரே கோட்டை எல்லோருக்கும் போட்டால் முதியவர்களில் சிலரை வீணாக நோயாளியாக்கிவிடும். நல்ல அறிக்கையில் வயதுக்கேற்ற கீழ்வரம்பும் அச்சிட்டிருக்கும், அதையும் பாருங்கள்.

புகையை விட்டதன் பலன் எண்ணாகத் தெரிவதும் இங்கேதான். லங் ஹெல்த் ஸ்டடி என்ற நீண்ட ஆய்வில், லேசான சிஓபிடி இருந்தவர்களைப் பதினோரு வருடம் பின்தொடர்ந்தார்கள். விட்டுவிட்ட ஆண்களின் எஃப்இவி1 வருடத்துக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் குறைந்தது. தொடர்ந்து புகைத்த ஆண்களுக்குச் சுமார் 66 மில்லிலிட்டர். வயதாவதால் மட்டுமே எல்லோருக்கும் குறைவது ஏறத்தாழ 25 முதல் 30. அதாவது விட்டவர்களின் நுரையீரல் கிட்டத்தட்ட இயல்பான வேகத்தில்தான் முதுமையடைந்தது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும் என்று நினைக்கிறேன். ஸ்கேனில் என்ன வந்தாலும், விட்டது வீண் இல்லை.

குறைகளும் உண்டு. ஸ்பைரோமெட்ரி கட்டியைக் காட்டாது. எம்பைசிமாவின் ஆரம்பத்தையும் தவறவிடும். நுரையீரலில் கையிருப்பு அதிகம் என்பதால் கணிசமான பகுதி போன பிறகும் எண்கள் நன்றாகவே இருக்கலாம். சிஓபிடிஜீன் என்ற பெரிய அமெரிக்க ஆய்வின் 2015 அறிக்கையில், ஊதும் சோதனை இயல்பாக இருந்த புகைத்தவர்களில் சுமார் 42% பேருக்கு சிடியில் எம்பைசிமாவோ மூச்சுக்குழாய்ச் சுவர்த் தடிப்போ தெரிந்தது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்த நோய்க்குறியும் இல்லாதவர்களைப் பிடித்து ஊதச் சொல்வதால் பலன் இருப்பதற்கு ஆதாரமில்லை என்று அமெரிக்கத் தடுப்புப் பணிக்குழு 2022இல் மறுபடியும் சொல்லியிருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் “எனக்கு நோய்க்குறி இல்லை” என்று சொல்கிற பலர், மூச்சு வாங்கும் வேலைகளை ஒவ்வொன்றாகக் கைவிட்டு அந்த நிலைக்கு வந்தவர்கள். லிஃப்ட் இருக்கிறது என்று படி ஏறுவதில்லை, கனமான பையை மகனிடம் கொடுத்துவிடுவார்கள். ஆகவே ஐந்து வருடத்துக்கு முன் சாதாரணமாகச் செய்த எதையெல்லாம் இப்போது தவிர்க்கிறேன் என்று முதலில் உங்களையே கேட்டுப் பாருங்கள். கூட இருப்பவரையும் கேளுங்கள், அவர்கள் சரியாகச் சொல்வார்கள். அதில் ஏதாவது வந்தால் ஊதிப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

லோ டோஸ் சிடி

புகைத்த வரலாறு உள்ளவர்களுக்கு உயிரைக் காப்பாற்றுவதாகப் பெரிய ஆய்வுகளில் நிரூபணமான ஸ்கேன் இது ஒன்றுதான்.

2011இல் வெளியான என்எல்எஸ்டி என்ற அமெரிக்க ஆய்வில் 53,454 பேர் இருந்தார்கள். எல்லோரும் 55 முதல் 74 வயது. நிறையப் புகைத்தவர்கள்; அப்போதும் புகைத்துக்கொண்டிருந்தவர்கள் அல்லது பதினைந்து வருடத்துக்குள் விட்டவர்கள். ஒரு பிரிவுக்கு மூன்று வருடம் ஆண்டுக்கொருமுறை லோ டோஸ் சிடி, மற்றொரு பிரிவுக்கு எக்ஸ்ரே. சிடி பிரிவில் நுரையீரல் புற்றுநோய் இறப்பு 20% குறைந்தது. இந்த 20% என்பதை அப்படியே விழுங்கிவிடக் கூடாது. ஆயிரம் பேரை எடுத்துக்கொண்டால், எக்ஸ்ரே பிரிவில் 21 பேர் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார்கள், சிடி பிரிவில் 18 பேர். ஆயிரத்துக்கு மூன்று உயிர். குறைவு என்று சிலருக்குத் தோன்றலாம், எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்த மூன்று பேருக்காக மற்றவர்கள் என்ன அனுபவிக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அதே ஆய்வில் சிடி எடுத்தவர்களில் பத்தில் நாலு பேருக்கு மூன்று வருடத்தில் ஒருமுறையாவது “சந்தேகம்” என்று அறிக்கை வந்தது. அந்தச் சந்தேகங்களில் 96% புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் பழைய தொற்று ஆறிய தழும்பு, சின்ன நிணநீர் முடிச்சு. டிபி ஒருகாலத்தில் வந்து, வந்ததே தெரியாமல் ஆறிப்போனவர்களின் நுரையீரலிலும் இத்தகைய புள்ளிகள் நிறைய இருக்கும். நாட்யூல், அதாவது சின்ன முடிச்சு, என்ற சொல்லை அறிக்கையில் பார்த்ததும் பலருக்குத் தூக்கம் போய்விடுகிறது. 6 மில்லிமீட்டருக்குக் குறைவான திடமான நாட்யூல் பெரும்பாலும் ஒன்றுமில்லாதது. தொடர்ந்து சோதனையில் இருப்பவர் என்றால், வழக்கம்போல் அடுத்த வருடம் வரச் சொல்வார்கள், அவ்வளவுதான்.

இந்த வீண் பயத்தைக் குறைக்கும் வழியை நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் நடந்த நெல்சன் ஆய்வு காட்டியது. அவர்கள் நாட்யூலின் குறுக்களவை மட்டும் பார்க்காமல் அதன் கனஅளவைக் கணினியில் அளந்தார்கள். சந்தேகமாக இருந்தால் உடனே ஊசி, பயாப்ஸி என்று போகாமல், மூன்று மாதத்தில் மறுபடி படமெடுத்து வளர்கிறதா என்று பார்த்தார்கள். மேல்சோதனைக்கு அனுப்ப வேண்டிவந்த ஸ்கேன்கள் 2% அளவுக்கு இறங்கின. 2020இல் வந்த முடிவில், பத்து வருடத்தில் ஆண்களின் நுரையீரல் புற்றுநோய் இறப்பு 24% குறைந்திருந்தது. பெண்களுக்கு அதைவிடக் கூடுதல் பலன் இருப்பதாகத் தெரிந்தது, ஆனால் ஆய்வில் பெண்கள் குறைவு. ஆகவே எங்கே எடுப்பது என்று தேர்ந்தெடுக்கும்போது, இயந்திரம் புதிதா என்று கேட்பதைவிட, நாட்யூல் வந்தால் எந்த முறைப்படி பின்தொடர்வீர்கள் என்று கேட்பது நல்லது.

கதிர்வீச்சைப் பொறுத்தவரை, லோ டோஸ் சிடி ஏறத்தாழ 1.5 மில்லிசீவெர்ட் அல்லது அதற்கும் கீழே. சாதாரண மார்பு சிடி 5 முதல் 7 வரை போகும். இயற்கையிலிருந்து ஒரு வருடத்தில் படுவது 2 முதல் 3. ஐம்பது, அறுபது வயதில், அபாயம் அதிகமுள்ள ஒருவருக்கு லோ டோஸ் சிடியின் கதிர்வீச்சு ஏற்றுக்கொள்ளக்கூடியதே. முப்பத்தைந்து வயதில் சில வருடம் மட்டும் புகைத்துவிட்டவர் ஆசைக்கு எடுத்துக்கொண்டால் கணக்கு மாறிவிடுகிறது: புற்றுநோய் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு, வீண் சந்தேகம் வரும் வாய்ப்பு அப்படியே இருக்கிறது, கதிர் பட்டதன் விளைவு தெரிய முன்னால் நிறைய வருடங்களும் இருக்கின்றன.

சரி, வரம்பு எது? ஒரு நாளைக்கு எத்தனை பாக்கெட் என்பதை எத்தனை வருடம் என்பதால் பெருக்கினால் வருவது பேக் இயர். பாக்கெட் என்றால் இருபது சிகரெட். தினமும் பத்து வீதம் நாற்பது வருடம் புகைத்தால் 20 பேக் இயர். தினமும் நாற்பது வீதம் பத்து வருடமென்றாலும் அதேதான். அமெரிக்கப் பணிக்குழு 2013இல் 55 வயது, 30 பேக் இயர் என்று வைத்திருந்த வரம்பை 2021இல் தளர்த்தியது: 50 முதல் 80 வயது, 20 பேக் இயர், இப்போதும் புகைப்பவர் அல்லது விட்டுப் பதினைந்து வருடம் தாண்டாதவர். அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் 2023இல் ஒரு படி மேலே போய், விட்டு எத்தனை வருடமானாலும் சரி என்று அந்தப் பதினைந்து வருட நிபந்தனையை எடுத்துவிட்டது. பிரிட்டன் வேறு வழியில் போகிறது: 55 முதல் 74 வயதுள்ள புகைத்தவர்களை அழைத்து, குடும்ப வரலாறு, ஆஸ்பெஸ்டாஸ் தொடர்பு எல்லாம் சேர்த்து அபாயத்தைக் கணக்கிட்ட பிறகே ஸ்கேனுக்கு அனுப்புகிறார்கள். எனக்கு இந்த மூன்றாவது முறைதான் பிடித்திருக்கிறது. விட்டுப் பதினைந்து வருடமும் ஒரு மாதமும் ஆனவரின் செல்களில் அந்த ஒரு மாதத்தில் எதுவும் மாறிவிடுவதில்லை.

புற்றுநோயைத் தேடி எடுக்கும் இந்தப் படத்தில் வேறு இரண்டும் கூடவே தெரியும். ஒன்று எம்பைசிமா, லோ டோஸாக இருந்தாலும் கண்ணுக்குத் தெரியும் அளவு எம்பைசிமா தெரிந்துவிடும். இரண்டாவது இதய இரத்தக்குழாய்களில் படிந்த கால்சியம். புகைத்தவர்கள் நுரையீரலைப் பற்றியே கவலைப்பட்டுக்கொண்டிருக்க, இதயம் முந்திக்கொள்வது சர்வசாதாரணம். கால்சியம் இருக்கிறது என்று ஒரு வரி இருந்தால் அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். அழிந்த காற்றறைக்கு மருந்து இல்லை, ஆனால் இதயத்துக்குச் செய்ய நிறைய இருக்கிறது: கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை, இரத்த அழுத்தக் கட்டுப்பாடு. என்னைக் கேட்டால், சில பேருக்கு அந்த அறிக்கையிலேயே அதிகம் பயன்படும் வரி அதுவாகத்தான் இருக்கும்.

முழு அளவு சிடியும் ஹெச்ஆர்சிடியும்

ஒரு மில்லிமீட்டர் அளவு மெல்லிய துண்டுகளாகப் படமெடுத்து நுரையீரல் திசுவை மிக நுணுக்கமாகக் காட்டுவது ஹெச்ஆர்சிடி. சிடியில் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அடர்த்தி எண் உண்டு. தண்ணீர் 0, காற்று −1000. சிடியைக் கண்டுபிடித்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரால்தான் அந்த அலகை அழைக்கிறார்கள். −950க்கும் கீழே இருக்கும் இடங்களைக் கணினி கூட்டிச் சொன்னால் எம்பைசிமா எத்தனை சதவீதம் என்று கிடைத்துவிடும். எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். புகையால் வருவது பெரும்பாலும் மேல்பகுதியில் தொடங்கும். கீழ்ப்பகுதியில், அதுவும் இளம் வயதில் அதிகமாக இருந்தால், ஆல்ஃபா 1 ஆன்ட்டிட்ரிப்சின் என்ற புரதம் பிறவியிலேயே குறைவாக இருக்கிறதா என்று இரத்தத்தில் பார்க்க வேண்டும். மூச்சை வெளியே விட்ட நிலையில் இன்னொரு முறை படமெடுத்தால், சின்னக் குழாய்களில் காற்று சிக்கிக்கொள்வதும் தெரியும். புகையால் வரும் நார்த்திசுப் பாதிப்பையும் இதுதான் நன்றாகக் காட்டும்.

இவ்வளவு நுணுக்கமானது என்றால் நேராக இதையே எடுத்துவிடலாமே என்று தோன்றும். நோய்க்குறி இல்லாதவருக்கு வேண்டாம் என்பதே என் பதில். ஏனென்றால் அந்தச் சதவீதத்தை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது ஒன்றும் புதிதாக இல்லை. லேசான எம்பைசிமா என்று வந்தால் மருத்துவர் என்ன சொல்வார்? மறுபடி புகைக்காதே, மற்றவர் புகையும் தூசியும் படாமல் பார்த்துக்கொள், நட, ஃப்ளூவுக்கும் நிமோனியாவுக்கும் தடுப்பூசி போட்டுக்கொள். இதையெல்லாம் படம் எடுக்காமலேயே செய்யலாம். இன்ஹேலரை முன்கூட்டியே தொடங்கினால் நல்லதா என்றும் பார்த்திருக்கிறார்கள். நோய்க்குறி இருந்தும் ஊதும் சோதனை இயல்பாக இருந்த புகைத்தவர்களுக்கு இரட்டை மருந்து இன்ஹேலரைப் பன்னிரண்டு வாரம் கொடுத்த ரீதிங்க் ஆய்வு 2022இல் வெளியானது; மருந்தில்லாத போலி இன்ஹேலரைவிட அது பலன் தரவில்லை.

ஹெச்ஆர்சிடிக்கு உரிய இடங்கள் வேறு. ஊதும் சோதனையில் வருவதைவிட மூச்சுத்திணறல் அதிகமாக இருந்தால், ஸ்டெதாஸ்கோப்பில் நுரையீரல் அடியில் வெல்க்ரோ பிரிக்கும் ஓசை கேட்டால், முற்றிய எம்பைசிமாவுக்கு வால்வு பொருத்துவது அல்லது அறுவைச் சிகிச்சை பற்றி யோசிக்கிறார்கள் என்றால், இதைத் தவிர்க்க முடியாது.

மற்றவை

டிஎல்சிஓ என்பதும் ஊதும் சோதனையின் சகோதரிதான். மிகச் சிறிய அளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுத்துப் பத்து நொடி பிடித்திருந்து வெளியே விட வேண்டும். எவ்வளவு வாயு இரத்தத்துக்குள் போயிற்று என்று அளப்பார்கள். காற்றறைச் சுவர் அழிந்திருந்தால் குறையும். ஸ்பைரோமெட்ரி நன்றாக இருந்தும் மூச்சு வாங்குகிறவருக்கு, ஹெச்ஆர்சிடிக்கு முன் இதைக் கேட்டுப் பார்ப்பது மிக நல்ல யோசனை. இது தகுதிக்கு உரிய கவனத்தைப் பெறவில்லை என்பது என் வருத்தம்.

சாதாரண எம்ஆர்ஐ நுரையீரலுக்குச் சரிப்படாது; உள்ளே இருப்பது பெரும்பாலும் காற்று, படம் வர வேண்டிய நீர் குறைவு. செனான் 129 வாயுவைச் சுவாசிக்க வைத்து எடுக்கும் புதிய வகை எம்ஆர்ஐ, காற்று எங்கெங்கே போகவில்லை என்பதைக் கதிர்வீச்சே இல்லாமல் காட்டுகிறது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் அனுமதி கிடைத்தது, ஆனால் இன்னும் சில பெரிய மையங்களில்தான் உண்டு. கதிரியக்கப் பொருளை உடம்புக்குள் செலுத்தி, செல்கள் சுறுசுறுப்பாக இருக்கும் இடங்களை ஒளிர வைத்துக் காட்டும் பெட் சிடி என்பது 8 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட திடமான நாட்யூல் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டவருக்கு அடுத்த கட்டம். சும்மா பார்த்துவிடலாம் என்று அதை எடுக்கவே கூடாது. கதிர்வீச்சு அதிகம், டிபி போன்ற தொற்றும் அதில் ஒளிரும்.

எனவே யாருக்கு எது?

ஐம்பத்தெட்டு வயது, 30 பேக் இயர், விட்டு நான்கு வருடம், மூச்சு நன்றாக இருக்கிறது என்பவர் லோ டோஸ் சிடி பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். ஒரு வருடம் எடுத்துச் சுத்தமாக வந்தது என்று நிறுத்திவிட்டால் பாதிப் பலன் போய்விடும், ஆய்வுகளில் காப்பாற்றப்பட்டவர்கள் திரும்பத் திரும்ப எடுத்தவர்கள். அதே ஆளுக்குப் படி ஏறும்போது மூச்சு வாங்கினால், சிடியோடு ஸ்பைரோமெட்ரியும் அவசியம். ஒன்று இன்னொன்றுக்கு மாற்று இல்லை.

நாற்பது வயது, கல்லூரியில் தொடங்கி எட்டு வருடம் தினமும் ஐந்தாறு சிகரெட், விட்டுப் பத்து வருடம் என்பவருக்கு எந்த ஸ்கேனும் வேண்டாம். மனது கேட்கவில்லை என்றால் ஒருமுறை ஊதிப் பாருங்கள், அதில் கெடுதல் இல்லை.

எழுபது வயது, 25 பேக் இயர், விட்டு இருபது வருடம் என்பவர்தான் கடினமான இடத்தில் இருக்கிறார். ஒரு வழிகாட்டுதல் எடுக்கலாம் என்கிறது, இன்னொன்று வேண்டாம் என்கிறது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ நுரையீரல் புற்றுநோய் இருந்ததா, சிஓபிடி உண்டா, ஆஸ்பெஸ்டாஸ் வேலை செய்தவரா என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். இவற்றில் ஒன்று இருந்தாலும் எடுப்பது சரி என்பேன்.

இருமலில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, மூன்று வாரத்தைத் தாண்டிய புது இருமல், குரல் மாற்றம், தோளிலோ நெஞ்சிலோ விடாத வலி இவற்றில் ஏதாவது இருந்தால் மேலே சொன்ன வரம்பு எதுவும் பொருந்தாது. அந்த வரம்புகள் நோய்க்குறி இல்லாதவர்களுக்கானவை. நீங்கள் வயதைக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்காமல் இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள். எக்ஸ்ரே சுத்தமாக வந்தாலும் நோய்க்குறி போகவில்லை என்றால் சிடி கேளுங்கள்.

ஸ்கேனுக்குப் போவதென்று முடிவானால், சீட்டில் “லோ டோஸ்” என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், வெறும் மார்பு சிடி என்றால் சில இடங்களில் முழு அளவையே எடுத்துவிடுவார்கள். இதற்குக் கான்ட்ராஸ்ட் ஊசி தேவையில்லை. சளி, காய்ச்சல் இருந்தால் ஆறி சில வாரம் கழித்துப் போங்கள், இல்லாவிட்டால் தொற்றின் நிழலே நாட்யூலாக எழுதப்பட்டுவிடும். பழைய படங்கள் எந்த வகையானாலும் கையோடு கொண்டுபோங்கள். இரண்டு வருடமாக அளவு மாறாத திடமான நாட்யூல் என்று ரேடியாலஜிஸ்ட் பழைய படத்தில் பார்த்துவிட்டால், பல மாதக் கவலை அந்த நிமிடமே தீர்ந்துவிடும்.

எப்போது நிறுத்துவது என்பதையும் தொடங்கும்போதே பேசிக்கொள்ள வேண்டும். எண்பது வயது என்பது பொதுவான எல்லை. ஆனால் வயதைவிட முக்கியமானது, கட்டி கண்டுபிடிக்கப்பட்டால் அதற்கான அறுவைச் சிகிச்சையையோ கதிர்ச் சிகிச்சையையோ தாங்கும் உடல்நிலையும் விருப்பமும் இருக்கிறதா என்பது. ஆக்சிஜன் சிலிண்டரோடு இருக்கும் அறுபத்தைந்து வயதுக்காரருக்கு ஆண்டுதோறும் சிடி எடுப்பதில் அர்த்தமில்லை. அவருக்கு அந்த அலைச்சலை மிச்சப்படுத்தி, மூச்சுப் பயிற்சியும் உடற்பயிற்சியும் சேர்ந்த நுரையீரல் மறுவாழ்வுத் திட்டத்தில் சேர்த்துவிடுவதுதான் சரி. வீட்டுக்குள் நடமாடுவதையும் தானே குளிப்பதையும் எளிதாக்குவதற்கு அது உதவும்.